இங்கிலாந்து ஊர்களின் லத்தீன் பெயர்கள்: யார் வைத்தது, என்ன பொருள்?

பழைய ஆங்கிலப் புத்தகங்களின் முகப்பில் ஆசிரியர் பெயருக்குப் பின்னால் 'எம்.ஏ., ஆக்ஸன்' என்றோ 'எம்.ஏ., கேன்டப்' என்றோ போட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆக்ஸன் என்பது ஆக்ஸோனியா என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டின் லத்தீன் பெயர். கேன்டப் என்பது கான்டாப்ரிகியா. கேம்பிரிட்ஜின் லத்தீன் பெயர். லத்தீன் என்றதும் ரோமானியர்கள்தான் அந்த ஊர்களுக்கு இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரோமானியர் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு நகரமே கிடையாது. எருதுகள் ஆற்றைக் கடக்கும் துறை என்ற பொருளில் ஆங்கிலம் பேசியவர்கள் வைத்த பெயர் அது. அதற்கு லத்தீன் விகுதி ஒட்டி ஆக்ஸோனியா என்று எழுதியவர்கள், ரோமானிய ஆட்சி போய்ப் பல நூறு வருடங்கள் கழித்து வந்த பாதிரியார்களும் எழுத்தர்களும்.

ஊர்ப் பெயர்களின் ஆராய்ச்சிக்குள் நுழைபவருக்கு முதலில் வேண்டிய தெளிவு இதுதான். 'லத்தீன் பெயர்' என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே மூன்று வேறு வேறு சரக்குகள் இருக்கின்றன. ரோமானியர் வருவதற்கு முன்பே இருந்த கெல்டிக் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டியது ஒன்று. ரோமானியரே தங்கள் மொழியில் வைத்தது இரண்டாவது. இடைக்காலத்தில் தேவாலயமும் நீதிமன்றமும் அரசு அலுவலகமும் எழுத்து வேலைக்காக உண்டாக்கிக்கொண்டது மூன்றாவது. ஒரு பெயரைப் பார்த்ததும் 'இதற்கு என்ன பொருள்' என்று கேட்பதற்கு முன் 'இதை யார், எப்போது வைத்தார்கள்' என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

லத்தீன் அகராதியில் கிடைக்காத லத்தீன் பெயர்கள்

பேரரசர் கிளாடியஸின் படை பிரிட்டனில் இறங்கியது கி.பி. 43இல். அப்போது அங்கே இருந்த மக்கள் பேசியது ஒரு கெல்டிக் மொழி. இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டில் இன்று பேசும் வெல்ஷ் மொழிக்கு அதுதான் மூதாதை. ஆறு, மலை, கோட்டை, சந்தை எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பெயர் இருந்தது. வந்த படைவீரர்களும் வரி அதிகாரிகளும் அந்தப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு, லத்தீன் வாக்கியத்தில் பொருந்துவதற்காக 'உம்', 'இயும்' போன்ற விகுதிகளைச் சேர்த்தார்கள். இங்கிலாந்தின் 'ரோமானியப் பெயர்கள்' என்று நாம் படிப்பவற்றில் பெரும்பான்மை இந்த வகைதான். அதனால் லத்தீன் அகராதியைப் புரட்டினால் பெரும்பாலும் வெறுங்கைதான். வெல்ஷ் அகராதியில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

டோவர் துறைமுகத்தைப் பாருங்கள். அதன் ரோமானியப் பெயர் டூப்ரிஸ். தண்ணீர் என்ற பொருள் கொண்ட கெல்டிக் சொல்லிலிருந்து வந்தது. வெல்ஷில் இன்றும் தண்ணீருக்கு டூர் என்று பெயர், டோவரில் ஓடும் சிற்றாறும் டூர்தான். லிங்கனின் பழைய பெயர் லிண்டும். லிண்டோ என்றால் குளம், ஏரி, வெல்ஷில் ஹ்லின். லிங்கன் மலையடிவாரத்தில் பிரேஃபோர்டு என்ற நீர்நிலை இன்றும் இருக்கிறது. செஸ்டர் நகரம் அன்று டேவா. அது பக்கத்தில் ஓடும் டீ ஆற்றின் பெயர். பொருள் தெய்வப் பெண். தமிழ் வாசகருக்குத் 'தேவி' நினைவுக்கு வரும், அது சரியான நினைவுதான். கெல்டிக்கும் சமஸ்கிருதமும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்பதால் இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே.

சில துண்டுகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பல பெயர்கள் தாமாகவே பிரிந்துகொடுக்கும். டூனும் என்றால் கோட்டை. கேமுலோடூனும், அதாவது கோல்செஸ்டர், கேமுலோஸ் என்ற போர்த் தெய்வத்தின் கோட்டை. பிரிவா என்றால் பாலம். மேகுஸ் என்றால் வெளி, சந்தை கூடும் இடம். நோவியோ என்றால் புதிய. இரண்டையும் சேர்த்தால் நோவியோமேகுஸ், இன்றைய சிச்செஸ்டர். நெதர்லாந்தின் நைமேகனுக்கும் பழைய பெயர் அதே நோவியோமேகுஸ்தான். பிரான்ஸின் லியோன் நகரம் லுக்டூனும். கெல்டிக் மொழிகள் ஐரோப்பாவில் எவ்வளவு தூரம் பரவியிருந்தன என்பதை இந்தப் பெயர்களே வரைபடம் போலக் காட்டிவிடும்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் பல சமயம் இன்னொரு சொல் வரும்: வென்டா பெல்காரும் (இன்றைய வின்செஸ்டர்), இஸ்கா டும்னோனியோரும் (எக்ஸெட்டர்), கொரினியும் டொபுன்னோரும் (சைரன்செஸ்டர்). அந்த 'ஆரும்', 'ஓரும்' நம் ஆறாம் வேற்றுமை மாதிரி. பெல்கே இனத்தாரின் வென்டா, டும்னோனி இனத்தாரின் இஸ்கா. ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்ததால் எந்த இனக்குழுவின் ஊர் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. டும்னோனி என்ற இனப்பெயர் இன்றைய டெவன் மாவட்டத்தின் பெயரில் உயிரோடு இருக்கிறது. கென்ட் மாவட்டமும் கான்டியாகி என்ற இனத்தின் பெயரும் ஒரே வேரில் வந்தவை.

லண்டன்? லோண்டினியும் என்பதன் பொருள் பற்றி இன்றுவரை அறிஞர்களிடையே உடன்பாடு கிடையாது. லட் என்ற அரசன் பெயரால் வந்தது என்று ஒரு கதை உலவும். அது இடைக்காலக் கட்டுக்கதை. ஆனால் பெயரின் பழமைக்கு அருமையான சான்று இருக்கிறது. லண்டன் நகரின் நடுவில் ஒரு கட்டடத்துக்காக நடந்த அகழாய்வில் மெழுகு பூசி எழுதும் மரப்பலகைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் ஒன்றின் மேல் முகவரி: 'லண்டனில், மொகோன்டியுஸுக்கு'. கி.பி. 65க்கும் 80க்கும் இடையில் எழுதப்பட்டது. லண்டன் என்ற பெயர் எழுதப்பட்டு நம் கைக்கு வந்தவற்றில் மிகப் பழையது அதுதான்.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?

பெரும் உதவி செய்வது அன்டோனைன் வழிநூல் என்று அழைக்கப்படும் பயணப் பட்டியல். சாலை சாலையாக, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை ரோமானிய மைல் என்று அதில் இருக்கும். ஒரு ரோமானிய மைல் நம் கணக்கில் ஏறக்குறைய 1.48 கிலோமீட்டர். பிரிட்டனுக்கு மட்டும் 15 வழிகள். தெரிந்த ஊரிலிருந்து அளந்துகொண்டே போனால் தெரியாத ஊர் எங்கே இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கலாம். பல இடங்களை அப்படித்தான் அடையாளம் கண்டார்கள்.

அதற்கு முந்தையது அலெக்சாண்ட்ரியாவில் தாலமி கி.பி. 150 வாக்கில் கிரேக்கத்தில் எழுதிய புவியியல் நூல். ஊர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்த நூல் அது. பாண்டியனின் தலைநகராக மதுரையையும், காவிரிப்பூம்பட்டினம் என்று கொள்ளப்படும் கபேரிஸ் துறைமுகத்தையும் பதிவு செய்த அதே தாலமிதான் லண்டனையும் யார்க்கையும் பதிவு செய்தவர். மதுரையும் லண்டனும் ஒரே நூலில் இடம்பெற்று ஏறக்குறைய 1,900 வருடங்கள் ஆகின்றன என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷம் தரும் செய்தி.

பொருட்களும் பேசுகின்றன. 2003இல் ஸ்டாஃபோர்டுஷயரில் வண்ணப்பூச்சு வேலைப்பாடு கொண்ட ஒரு சிறு வெண்கலப் பாத்திரம் கிடைத்தது. அதன் விளிம்பில், பிரிட்டனின் வடக்கே ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரின் மேற்குப் பகுதிக் கோட்டைகளின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அதில் ஒன்று உக்ஸெலோடூனும். உயரமான கோட்டை என்று பொருள். இப்போது அந்த டூனும் உங்களுக்குத் தெரிந்த சொல்.

உண்மையான லத்தீன்

ரோமானியரே தங்கள் மொழியில் வைத்த பெயர்கள் குறைவு. பெரும்பாலும் அவை மிகச் சாதாரணமான பெயர்கள். பொன்டிபுஸ் என்றால் 'பாலங்களில்'. தேம்ஸ் கரையில் உள்ள ஸ்டெய்ன்ஸ் ஊரின் அன்றைய பெயர். சலினே என்றால் உப்பு எடுக்கும் இடங்கள். உப்பு ஊற்றுகள் உள்ள டிராய்ட்விச் அப்படி அழைக்கப்பட்டது. நியூகாசில் அன்று பொன்ஸ் ஏலியுஸ், ஏலியுஸ் பாலம். ஏலியுஸ் என்பது பேரரசர் ஹேட்ரியனின் குடும்பப் பெயர். 1080இல், பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர்கள் அங்கே ஒரு புதிய கோட்டை கட்ட, ஊர் பெயரும் 'புதுக்கோட்டை' என்று மாறிவிட்டது.

ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியேற்றிய நகரத்துக்குக் கொலோனியா என்று பெயர். லிங்கன் அந்தத் தகுதி பெற்றதும் லிண்டும் கொலோனியா ஆனது. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், லிங்கன் வந்துவிடும். ஆங்கிலத்தில் லிங்கனை எழுதும்போது நடுவில் வரும் ஒலிக்கப்படாத எழுத்து கொலோனியாவின் மிச்சம். குளம் என்ற கெல்டிக் சொல்லும் குடியேற்றம் என்ற லத்தீன் சொல்லும் ஒட்டிக்கொண்டு இன்றுவரை வந்த பெயர் அது.

பாத் நகரத்தின் பெயரிலும் இந்தக் கலப்பு உண்டு: அக்வே ஸூலிஸ். அக்வே லத்தீன், 'நீர்நிலைகள்'. ஸூலிஸ் அந்த வெந்நீர் ஊற்றில் குடிகொண்டிருந்த கெல்டிக் தெய்வம். ரோமானியர்கள் அவளை விரட்டவில்லை. தங்கள் மினர்வாவோடு இணைத்து ஸூலிஸ் மினர்வா என்று கும்பிட்டார்கள், ஊர்ப் பெயரிலும் அவளையே வைத்தார்கள். 46 டிகிரி வெப்பத்தில் பொங்கும் அந்த ஊற்றில் மக்கள் ஈயத் தகடுகளில் முறையீடு எழுதிப் போட்டார்கள். ஏறக்குறைய 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் திருட்டுப் புகார். டோசிமெடிஸ் என்பவருக்கு இரண்டு கையுறைகள் காணாமல் போய்விட்டன. எடுத்தவன் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று தெய்வத்திடம் கேட்டிருக்கிறார். பக்ஸ்டனுக்கும் இதே போல அக்வே ஆர்னெமெட்டியே என்று பெயர். புனிதத் தோப்பின் தெய்வத்துடைய நீர்.

ரோமானியர் போன பிறகு

410 வாக்கில் ரோமானிய ஆட்சி முடிந்தது. பிறகு வடகடல் தாண்டி வந்த ஆங்கிலோ-சாக்சன்கள் வேறொரு மொழி பேசினார்கள். அவர்கள் கண்ணில் பட்டவை இடிந்த மதில்கள். அத்தகைய இடத்தைக் குறிக்க, முகாம் என்ற பொருள்கொண்ட காஸ்ட்ரா என்ற லத்தீன் சொல்லை 'செயஸ்டர்' என்று கடன் வாங்கினார்கள். மான்செஸ்டர், வின்செஸ்டர், டொன்காஸ்டர், குளோஸ்டர் எல்லாவற்றின் கடைசியிலும் இருப்பது அதுதான். முதல் பாதியில் பழைய பெயரின் ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும்: வென்டா வின் ஆனது, கிளேவும் குளோ ஆனது, மாமுகியும் மான் ஆனது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நம்பிவிடக் கூடாது. லெஸ்டர் நகரம் அன்று ராட்டே, மதில்கள் என்று பொருள்; இன்றைய பெயரில் அதன் சுவடே இல்லை. செஸ்டரில் டேவா முழுதாகப் போய் 'முகாம்' மட்டும் மிஞ்சியது.

மான்செஸ்டர்க்காரரை ஆங்கிலத்தில் மான்குனியன் என்கிறார்கள். அது மாமுகியும் என்ற பெயர் கையெழுத்துப் பிரதிகளில் எழுத்து மாறி 'மான்குனியும்' ஆனதன் விளைவு.

எனக்கு மிகப் பிடித்தது யார்க்கின் கதை. 71இல் ஒன்பதாம் லீஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவு அங்கே கோட்டை கட்டியது. பெயர் எபோராகும். யூ மரங்கள் நிறைந்த இடம் என்பது பலரும் ஏற்கும் பொருள். யூ என்பது கல்லறைத் தோட்டங்களில் நிற்கும், நூற்றாண்டுகள் வாழும் ஊசியிலை மரம். 306இல் கான்ஸ்டன்டைன் பேரரசராக முழக்கமிடப்பட்டது இந்த ஊரில்தான். ஆங்கிலோ-சாக்சன்கள் வந்தார்கள். 'எபோர்' என்ற ஒலி அவர்கள் மொழியில் காட்டுப்பன்றியைக் குறிக்கும் 'எயோஃபோர்' போலக் கேட்டது. ஊர் 'எயோஃபோர்விக்' ஆனது, காட்டுப்பன்றிக் குடியிருப்பு. 866இல் வைக்கிங்குகள் பிடித்தார்கள். அவர்கள் வாயில் அது யோர்விக். அதைத் தேய்த்தால் யார்க். யூ மரம் காட்டுப்பன்றியாகி, பிறகு பொருளே இல்லாத ஓர் ஒற்றை அசையாகிவிட்டது. அந்த அசைதான் கடல் தாண்டிப் போய் நியூயார்க் ஆனது. ஆனால் வெல்ஷ் மொழி மட்டும் பழைய ஒலியை விடவில்லை. அவர்களுக்கு யார்க் எஃப்ராக். நியூயார்க் எஃப்ராக் நெவித்!

ராச்செஸ்டரிலும் இப்படித்தான். ரோமானியப் பெயர் டூரோபிரிவே, பாலத்துக் கோட்டை. அழுத்தம் 'ரோ'வில் விழுந்ததால் 'டூ' உதிர்ந்தது. மிஞ்சியது ஆங்கிலக் காதில் 'ஹ்ரோஃபி' ஆகி செயஸ்டரோடு சேர்ந்தது. 8ஆம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய துறவி பீட், ஹ்ரோஃப் என்ற தலைவன் பெயரால் வந்த ஊர் என்றே எழுதிவைத்தார். அப்படி ஒரு தலைவன் இருந்திருக்கவே தேவையில்லை. இத்தோடு முடியவில்லை. தேவாலயத்தார் அந்த ஆங்கில வடிவத்தை மறுபடி லத்தீனாக்கி 'ரோஃபென்ஸிஸ்' என்றார்கள். ராச்செஸ்டர் ஆயரின் மரபுக் கையொப்பம் 'ரோஃபென்'. கெல்டிக் லத்தீனாகி, லத்தீன் ஆங்கிலமாகி, ஆங்கிலம் திரும்ப லத்தீனாகியிருக்கிறது. முதல் லத்தீனையும் கடைசி லத்தீனையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எழுத்தர்களின் லத்தீன்

இப்படி மூன்றாம் வகைக்கு வந்துவிட்டோம். இடைக்கால இங்கிலாந்தில் பத்திரம், தீர்ப்பு, தேவாலயப் பதிவு எல்லாம் லத்தீனில்தான். அதனால் எல்லா ஊருக்கும் ஒரு லத்தீன் வடிவம் வேண்டியிருந்தது. கேன்டர்பரி பேராயர் இன்றும் கையொப்பத்தில் 'கான்டுவார்' என்கிறார், யார்க் பேராயர் 'எபோர்'. இதில் யார்க்கின் பெயர் ரோமானியர் காலத்தது. கேன்டர்பரியின் ரோமானியப் பெயர் டூரோவெர்னும். கான்டுவார் என்பது 'கென்ட் மக்களின் கோட்டை' என்ற ஆங்கிலப் பெயரை லத்தீனாக்கியது.

விசித்திரமான பிறப்பு ஸாரும் என்ற பெயருக்கு. சாலிஸ்பரியை எழுத்தர்கள் ஸாரிஸ்புரியா என்று எழுதினார்கள். அதைச் சுருக்கி முதல் சில எழுத்துகளோடு ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு வழக்கமாக 'ரும்' என்ற முடிவுக்கும் பயன்பட்ட குறி. பின்னால் வந்தவர்கள் அதை 'ஸாரும்' என்று விரித்துப் படித்தார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. சாலிஸ்பரிக்கு வெளியே உள்ள பழைய மேட்டு நகரம் இன்றும் ஓல்டு ஸாரும். ஆளே இல்லாமல் போன பிறகும் 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்த இடம். அங்கிருந்து உறுப்பினரானவர்களில் ஒருவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர்.

பொன்டிஃப்ராக்ட் என்று யார்க்‌ஷயரில் ஓர் ஊர். பார்த்தால் ரோமானியப் பெயர் போலவே இருக்கும், பொருளும் சுத்தமான லத்தீன்: உடைந்த பாலம். ஆனால் நார்மானியர் வந்த பிறகு ஏற்பட்ட பெயர் அது.

கிராமங்களின் பெயரில் வால்போல ஒட்டியிருக்கும் லத்தீனும் இந்தக் காலத்தது. ஒரே பெயரில் பத்து ஊர் இருந்தால் பதிவேட்டில் பிரித்துக் காட்ட வேண்டுமே! மாக்னா என்றால் பெரிய, பார்வா என்றால் சிறிய: ஆஷ்பி மாக்னா, ஆஷ்பி பார்வா. வெஸ்டன்-சூப்பர்-மேர் என்பதில் உள்ள 'சூப்பர்' நாம் சொல்லும் சூப்பர் என்று எண்ணிவிட வேண்டாம். கடலோர வெஸ்டன், அவ்வளவுதான். நாட்டிங்ஹாம்ஷயரின் பார்ட்டன் இன் ஃபாபிஸ், அவரை விளையும் பார்ட்டன்.

மேலே பார்த்த 'ஆரும், ஓரும்' வேற்றுமை இங்கே திரும்ப வருகிறது. இனக்குழுக்கள் போய்விட்டன, நிலத்துக்குப் புதிய உடைமைக்காரர்கள். டெவனில் ஸீல் மொனகோரும், துறவிகளுக்குச் சொந்தமான ஸீல். டார்செட்டில் டாலர் ஃப்ராட்ரும், மடத்துச் சகோதரர்களின் டாலர். பக்கத்திலேயே டாலர் போர்கோரும், பன்றிகளின் டாலர், பன்றி வளர்ப்புக்குப் பேர்போன ஊர். லிங்கன்ஷயரின் ஆஷ்பி புவெரோரும், சிறுவர்களின் ஆஷ்பி. லிங்கன் பேராலயத்தில் பாடும் சிறுவர்களின் செலவுக்கு அந்த நிலத்தின் வருமானம் போனது. யாருடைய வரி யாருக்குப் போனது என்பதை ஒரு சொல்லில் எழுதிவைத்த பெயர்கள் இவை.

ரேஜிஸ் என்றால் அரசனின். லைம் என்ற கடலோர ஊர் 1284இல் முதலாம் எட்வர்டிடம் சாசனம் பெற்று லைம் ரேஜிஸ் ஆனது. இந்த வழக்கம் இடைக்காலத்தோடு நின்றுவிடவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நோயிலிருந்து தேறுவதற்காக பாக்னர் ஊருக்கு அருகில் வந்து தங்கியதை ஒட்டி, அந்த ஊர் 1929இல் பாக்னர் ரேஜிஸ் ஆனது.